சீசன்: பாகமா, தொடரா, பருவமா?

குற்றாலத்தில் சாரல் அடித்தால் சீசன். சேலத்து மாம்பழம் தள்ளுவண்டிக்கு வந்தால் சீசன். மார்கழியில் சபா கேன்டீன் களைகட்டினாலும் சீசன்தான். அங்கெல்லாம் இந்தச் சொல் யாரையும் குழப்பியதில்லை. ஒரு டிவி நிகழ்ச்சியின் பெயருக்குப் பின்னால் அது வந்து ஒட்டிக்கொள்ளும்போதுதான் தமிழில் எழுதுகிறவருக்குக் கை நின்றுவிடுகிறது. பாகம் என்பதா, தொடர் என்பதா, ஆண்டு என்பதா?

சொல்லின் வேர் வயலில் இருக்கிறது. லத்தீனில் ‘சாட்டியோ’ என்றால் விதைப்பு. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. விதைக்கும் காலம் என்றிருந்த பொருள், எதற்கும் ஏற்ற காலம் என்று விரிந்து, ஆண்டின் ஒரு கூறு என்றும் ஆனது. நாடக, இசை அரங்குகள் தங்கள் நிகழ்ச்சிக் காலத்தை அப்படி அழைத்தன. அங்கிருந்து வானொலி, அதன் பின் தொலைக்காட்சி. அமெரிக்காவில் டிவி சீசன் வழக்கமாக இலையுதிர் காலத்தில் தொடங்கி மே வாக்கில் முடியும். குளிர் வந்தால் ஜனங்கள் மாலையில் வீடு அடைவார்கள். கோடையில் வெளியே திரிவார்கள். ஆக, டிவிக்குள் வந்த பிறகும் இந்தச் சொல் வானிலையை விடவில்லை.

‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். 1975 அக்டோபர் 11 அன்று நியூயார்க்கில் என்பிசி என்ற அமெரிக்க டிவி நிறுவனத்தின் 8ஹெச் ஸ்டுடியோவில் தொடங்கியது. உருவாக்கியவர் லோர்ன் மைக்கேல்ஸ். வாரா வாரம் ஒரு பிரபலம் தலைமை ஏற்பார், சின்னச் சின்ன நகைச்சுவை நாடகங்கள் வரும், நடுவில் பாட்டு. அந்தச் சின்ன நாடகத்துக்குத்தான் ஸ்கெட்ச் என்று பெயர். (நம் ஊரில் ஸ்கெட்ச் போடுவது வேறு சமாச்சாரம். அதனால் இதைத் துணுக்கு நாடகம் என்றே எழுதிவிடுகிறேன்.)

சனிக்கிழமை இரவு 8 மணி வாக்கில் பார்வையாளர்களை உட்காரவைத்து முழு ஒத்திகை நடக்கும். ஒளிபரப்பில் அடங்குவதைவிடக் கூடுதலான துணுக்குகளை அதில் நடித்துப் பார்ப்பார்கள். சிரிப்பு வராதது போயிற்று. மிச்சத்தை வெட்டி, திருத்தி, வசன அட்டைகளைக் கையாலேயே மாற்றி எழுதி, பதினொன்றரைக்கு நேரலை. இந்த வாரத் துணுக்குக்கும் அடுத்த வாரத்துக்கும் கதைத் தொடர்ச்சி கிடையாது. பழகிய சில பாத்திரங்கள் தலைகாட்டிப் போகும், அவ்வளவுதான்.

அதனால்தான் ‘பாகம்’ இங்கே ஒட்டாது. பாகம் என்றால் முந்தையதில் விட்ட கதையைப் பிடிக்க வேண்டும். இங்கே ஒரு சீசனையும் அடுத்ததையும் பிரிப்பது நடுவில் வரும் கோடை ஓய்வு; நடிகர்களும் எழுத்தாளர்களும் பெரும்பாலும் அப்போதுதான் மாறுவார்கள். 1980இல் மைக்கேல்ஸ் விலகினார், நடிகர் குழுவும் கூடவே கலைந்தது. ஆறாவது சீசன் புது ஆட்களோடு தள்ளாடி 13 நிகழ்ச்சிகளில் நின்றது. எழுத்தாளர் வேலைநிறுத்தம் குறுக்கிட்ட 33ஆவது சீசனுக்கு 12 நிகழ்ச்சிதான். பயிரைப் போலவே, ஒரு சீசன் பொய்க்கவும் செய்யும்.

‘ஆண்டு’ என்று எழுதினால் கணக்கு இடிக்கும். 50ஆவது சீசன் 2024 செப்டம்பரில் தொடங்கி 2025 மே மாதம் முடிந்தது. நிகழ்ச்சிக்கு 50 வயது நிறைந்ததோ 2025 அக்டோபரில், 51ஆவது சீசன் தொடங்கிய பிறகு. ‘தொடர்’ இன்னும் ஆபத்து. சீசனை பிரிட்டன்காரர்கள் ‘சீரிஸ்’ என்பார்கள். மான்டி பைதான் குழுவின் துணுக்கு நாடக நிகழ்ச்சி அவர்கள் கணக்கில் நான்கு சீரிஸ். அதை நான்கு தொடர்கள் என்று எழுதினால், படிப்பவர் நான்கு தனி நிகழ்ச்சிகள் என்றுதான் எண்ணுவார்.

‘சாட்டியோ’வுக்கு அச்சு அசலான தமிழ்ச் சொல் பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறோமே, அந்தப் பட்டம். ஆனால் ‘50ஆவது பட்டம்’ என்று எழுதினால், யாரோ படித்துக்கொண்டே இருக்கிறார் என்று நினைத்துவிடுவார்கள்.

மிஞ்சுவது பருவம். என் ஓட்டு இதற்குத்தான். ‘பர்வன்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று அகராதிகள் சொல்லும். மூங்கில் கணுவுக்கு அந்தப் பெயர். இதைக் காட்டி இது தமிழா என்று கேட்பவர்களுக்கு: குறுந்தொகையிலேயே பருவம் இருக்கிறது. அங்கே பருவம் வருவதற்கு முன்பே, காலமல்லாத மழையைக் கார்மழை என்று நம்பி ஏமாந்து கொன்றை பூத்துவிடுகிறது. காலப் பொருளோடு நிற்கவும் இல்லை, பகுதி என்ற பொருளும் இதற்கு ஏறிவிட்டது. மகாபாரதத்துக்கு 18 பருவம், பிள்ளைத்தமிழுக்கு 10 பருவம். பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவத்துக்கும் அம்புலிப் பருவத்துக்கும் நடுவே கதை தொடர்வதில்லை. குழந்தை வளர்கிறது, ஆட்டம் மாறுகிறது. கல்லூரியில் செமஸ்டரையும் பருவம் என்றுதானே எழுதுகிறோம்!

பேச்சில் சீசன் இருக்கட்டும், அதை யாரும் பிடுங்க முடியாது. எழுத்தில் ‘51ஆம் பருவம்’, ‘பருவத் தொடக்கம்’, ‘பருவ நிறைவு’ என்று போகலாம். எபிசோடுக்கு நிகழ்ச்சி என்றோ, எண்ணோடு வரும்போது ‘பருவம் 45, நிகழ்ச்சி 16’ என்றோ எழுதினால் போதும்.