வரைந்த படமே புரோகிராமாக ஓடுமா?

வங்கியில் பைக் லோன் விண்ணப்பம் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகிறது என்று பிஸினஸ் அனலிஸ்ட் ஒரு படம் வரைந்து கொடுப்பார், அதைப் பார்த்து புரோகிராமர் கோடிங் செய்வார். கொஞ்ச நாளில் விதி மாறும், கோடிங்கும் மாறும், படத்தை மட்டும் ஒருவரும் தொடமாட்டார்கள். அப்புறம் படம் ஒன்று சொல்லும், மென்பொருள் வேறொன்று செய்யும்.

சரி, படத்தையே ஓட வைத்தால்? அதற்குத்தான் பி.பி.எம்.என். (பிஸினஸ் ப்ராசஸ் மாடல் அண்ட் நோட்டேஷன்) என்ற, வேலை நகரும் வழியை வரையும் குறியீட்டு முறை. 2004இல் முதல் பதிப்பு வந்தபோது அது வெறும் படம்தான், ஓட வேண்டுமென்றால் பி.பி.இ.எல். என்ற வேறொரு மொழிக்கு மாற்ற வேண்டும், அம்புக்குறி பின்னோக்கிப் போனாலே அந்த மாற்றம் திணறும். 2011இல் வந்த 2.0 பதிப்பு, ஓடும்போது ஒவ்வொரு குறியும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் வரையறுத்தது. படம் எக்ஸ்.எம்.எல். என்ற, கணினி படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பாகச் சேமிக்கப்படும், எஞ்சின் என்கிற மென்பொருள் அதை நேராகப் படித்து இயக்கும்.

எஞ்சின் இதைச் செய்வது டோக்கன் என்ற அடையாளத்தை வைத்து. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒன்று, தாயக்கட்டத்தில் காய் நகர்வதுபோல அம்புக்குறி வழியே நகரும். (இந்த யோசனையின் வேர் ஜெர்மன் கணித அறிஞர் கார்ல் ஆடம் பெட்ரி 1962இல் எழுதிய முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறது.) உள்ளே கூட்டல் குறி போட்ட வைரக்கட்டம் வந்தால் டோக்கன் இரண்டாகப் பிரியும்: ஒன்று சிபில் ஸ்கோர் பார்க்க, இன்னொன்று வேலை பார்க்கும் இடத்தை விசாரிக்க. இன்னொரு கூட்டல் குறிக் கட்டம் இரண்டும் வந்து சேரும்வரை காத்திருந்து, ஒன்றாக்கி அனுப்பும். பெருக்கல் குறிக் கட்டம் என்றால் ஏதாவது ஒரு வழிதான்.

இங்கேதான் வேடிக்கை. கூட்டலில் பிரித்துவிட்டு பெருக்கலில் சேர்த்தால், அது யாருக்காகவும் காத்திருக்காது, வந்த இரண்டு டோக்கனையும் தனித்தனியே விடும், படத்தில் பணம் அனுப்பும் வேலைக்கான பெட்டி இரண்டு தடவை ஓடும். பெருக்கலில் பிரித்து கூட்டலில் சேர்த்தால் வரவே வராத இன்னொரு டோக்கனுக்காக விண்ணப்பம் அங்கேயே கிடக்கும், பிழைச் செய்திகூட வராது. காகிதத்தில் பார்த்தால் இரண்டுமே அழகான படம்தான்!

வாடிக்கையாளர் சம்பளச் சீட்டு கொண்டுவர நாலு நாள் ஆகலாம். அதுவரை எந்தப் புரோகிராமும் விழித்திருக்காது. டோக்கன் நிற்கும் இடத்தை டேட்டாபேஸில் எழுதிவிட்டு எஞ்சின் அடுத்த வேலைக்குப் போய்விடும், நடுவில் சர்வரை நிறுத்திப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. பெட்டியின் ஓரத்தில் கடிகாரக் குறி ஒட்டி ஏழு நாள் என்று போட்டுவிட்டால், கெடு தாண்டியதும் டோக்கன் நினைவூட்டல் பாதைக்குத் திரும்பும். இதைக் கையால் எழுதினால் ஸ்டேட்டஸுக்கு டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசை, ராத்திரியில் தானாக ஓட ஒரு புரோகிராம் என்று அது தனிக் கதை.

புரோகிராமரே வேண்டாம் என்று யாராவது சொன்னால் அது விற்பனைப் பேச்சு. சிபில் பெட்டிக்குப் பின்னால் அந்தச் சர்வரோடு பேசும் நிரலை ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும், வட்டிக் கணக்கும் திரைகளும் படத்துக்குள் வராது.

உண்மையான சிக்கல் படத்தை மாற்றும்போது வருகிறது. புதுப் பதிப்பை ஏற்றினால் வழக்கமாக, பாதியில் இருக்கும் விண்ணப்பங்கள் பழைய படத்திலேயே ஓடி முடியும், புதிதாக வருபவை மட்டும் புதுப் படத்தில் போகும். பழையவற்றையும் மாற்ற வேண்டுமென்றால் எந்தப் பெட்டிக்கு எந்தப் பெட்டி என்று இணைத்துக் காட்ட வேண்டும். விசாரணைப் பெட்டியையே தூக்கிவிட்டார்கள் என்றால், அதில் நிற்கும் விண்ணப்பங்களை முன்னே தள்ளுவதா, பின்னே இழுப்பதா என்பதை எஞ்சினும் சொல்லாது, புரோகிராமரும் சொல்லக் கூடாது, வங்கிக்காரர்தான் வந்து உட்கார்ந்து சொல்ல வேண்டும்.