தீர்மானம் நிறைவேறினால் சட்டமாகிவிடுமா?

"சட்டசபையிலேயே தீர்மானம் போட்டாச்சே சார், இன்னும் ஏன் எதுவும் நடக்கல?" செய்தித்தாள் துணுக்கோடு வக்கீலான என்னிடம் வழக்குக்காக வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அதை வைத்து உடனே ரிட் மனு, அதாவது அரசுக்கு உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் மனு, போட வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, பேரவைக்கு (மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் சட்டசபைக்கு) மேல் இரண்டாவது அவையாக இருந்த நமது சட்டமேலவையின் கதையைத்தான்.

முதலில் ஒரு அடிப்படை. நம் மாநிலங்களுக்குத் தனி அரசியலமைப்பு கிடையாது. ஜம்மு காஷ்மீருக்கு மட்டும் இருந்தது, அதுவும் 2019-இல் போனது. ஆகவே மேலவை வேண்டுமா வேண்டாமா என்பதைக்கூடப் பேரவை தானே முடிவு செய்துவிட முடியாது. இந்திய அரசியலமைப்பின் 169-ஆவது பிரிவின்படி பேரவை தீர்மானம் போடலாம்; மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் ஆதரவு வேண்டும். அதன்பிறகு சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம். இயற்றியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

மேலவை இங்கே வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. 1952-இல் ராஜாஜி தேர்தலில் நிற்காமலே ஆளுநரின் நியமனத்தால் மேலவைக்குள் வந்து முதல்வரானார். அதை எதிர்த்து கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார், வழக்கு தள்ளுபடியானது. 1967-இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அண்ணா முதல்வரானதும் மேலவை வழியாகத்தான்.

1986 மே மாதம் எம்.ஜி.ஆர். அரசு மேலவையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தது. திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டிருந்த நடிகை ஒருவரை மேலவைக்கு அனுப்ப முயன்றதில் எழுந்த சர்ச்சைதான் காரணம் என்று இன்றும் பேசுவார்கள். என் கணக்கு வேறு. அதே ஆண்டு தொடக்கத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பாலான நகராட்சிகளை தி.மு.க. பிடித்திருந்தது. மேலவையில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் உள்ளாட்சி உறுப்பினர்களின் வாக்கில் நிரம்புபவை; அங்கே தி.மு.க.வின் பலம் கூடிவிடும் நிலை. கருணாநிதியும் அப்போது மேலவை உறுப்பினர். நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 1986 நவம்பர் 1 முதல் மேலவை இல்லாமல் போனது.

அப்புறம் நடந்தது ஊஞ்சலாட்டம். 1989-இல் தி.மு.க. அரசு மீட்கத் தீர்மானம் போட்டது. மசோதா மாநிலங்களவையைத் தாண்டியது, மக்களவையில் நின்றுபோனது. 1991-இல் ஜெயலலிதா அரசு அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தது. 1996-இல் மறுபடி தீர்மானம், 2001-இல் மறுபடி ரத்து. 2010-இல்தான் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. 78 இடங்கள், அதில் பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தலா 7. பட்டதாரிகள் வாக்காளராகப் பதிவும் செய்தார்கள். ஆனால் விஷயம் வழக்குகளில் சிக்கியது, 2011-இல் ஆட்சி மாறியது, புதிய பேரவை மேலவை வேண்டாம் என்றது. அந்தத் தீர்மானத்தாலும் 2010 சட்டம் தானாகச் செத்துவிடாது. அதற்காகத்தான் 2012-இல் மாநிலங்களவையில் தனியே ஒரு ரத்து மசோதா அறிமுகமானது.

ஆந்திராவிலும் இதே கூத்துதான். 1985-இல் ஒழித்த மேலவை 2007-இல் திரும்ப வந்தது. 2020-இல் மீண்டும் ஒழிக்கத் தீர்மானம் போட்டு, 2021-இல் அந்த அரசே அதைத் திரும்பப் பெற்றது.

தீர்மானம் என்பது அவையின் விருப்பம், அவ்வளவே. மசோதா நிறைவேறினாலும் 200-ஆவது பிரிவின்படி ஆளுநர் ஒப்புதல் தர வேண்டும், சிலவற்றுக்குக் குடியரசுத் தலைவரே ஒப்புதல் தர வேண்டும். 2021-இல் பேரவை நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதா அந்தக் கடைசிப் படியில்தான் விழுந்தது. ஒப்புதல் கிடைத்து அரசிதழில் வந்த பிறகும், சட்டம் எந்தத் தேதியில் அமலுக்கு வருகிறது என்று அதன் முதல் பிரிவைப் பாருங்கள். பல சட்டங்களில் 'அரசு அறிவிக்கும் நாளில்' என்றுதான் இருக்கும்.

சட்டம் இயற்று என்று சட்டமன்றத்துக்கு எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. அதனால் துணுக்கோடு வருபவரிடம் நான் முதலில் கேட்பது அரசிதழ் எண், அல்லது அரசாணை எண். இரண்டும் இல்லையென்றால் இப்போதைக்குக் கோரிக்கை மனு போதும், ரிட் மனுவுக்குச் செலவு செய்ய வேண்டாம்.