உண்ணியை முந்திய குளிப்பு

தம்பலகாமத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அமெரிக்காவில் மாடுகளை மருந்துத் தொட்டியில் நீந்தவிட்டே ஒரு நோயை ஒழித்தார்களாமே, உண்மையா?"

உண்மைதான். 19ஆம் நூற்றாண்டில் டெக்சாஸ் மாடுகளை வடக்கே ஓட்டிப்போனால், அவை போன வழியில் மேய்ந்த உள்ளூர் மாடுகள் காய்ச்சல் கண்டு, சிவப்பாக மூத்திரம் போய்ச் செத்தன. டெக்சாஸ் மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கன்றிலேயே நோய்பட்டுத் தேறியவை அவை. நம் பட்டிகளிலும் நாட்டு மாடு உண்ணியோடு திடமாக நிற்கும், வாங்கிவந்த ஜேர்சி படுத்துவிடும். உடனே கண்ணூறு என்பார்கள். கண்ணூறுமில்லை, செய்வினையுமில்லை. பபேசியா என்ற கிருமி சிவப்பணுவுக்குள் பெருகி அதை உடைக்கிறது.

உண்ணிதான் காரணம் என்று மாட்டுக்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள், படித்தவர்கள் சிரித்தார்கள். அமெரிக்க அரசின் விவசாயத் திணைக்களத்தில் ஆராய்ச்சி செய்த தியோபால்ட் சிமித் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு சிக்கல். இந்த உண்ணி நுளம்பு மாதிரி ஆள்மாறிக் கடிப்பதில்லை. குஞ்சாக ஏறிய மாட்டிலேயே தோலுரித்து, வளர்ந்து, இணைசேர்ந்து, இரத்தம் குடித்து ஊதி, மூன்று வாரமளவில் நிலத்தில் விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். இரண்டாவது மாட்டையே காணாத பூச்சி நோயை எப்படிக் கடத்தும்?

சிமித் முட்டைகளை ஆய்வுகூடத்தில் பொரிக்கவைத்து, எந்த மாட்டையும் தொட்டறியாத அந்தக் குஞ்சுகளை நல்ல மாட்டின்மேல் விட்டார். மாட்டுக்குக் காய்ச்சல் வந்தது! கிருமி தாய் உண்ணியின் முட்டைக்குள்ளேயே புகுந்து, பிறக்கும்போதே குஞ்சோடு வருகிறது. கடிப்பது மகள், நோய் தாயுடையது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. சிமித்தும் அவரோடு வேலைசெய்த மிருக வைத்தியர் கில்போர்னும் இதை வெளியிட்டது 1893இல். நுளம்புக்குள் மலேரியாக் கிருமியை பிரித்தானிய மருத்துவர் ரொனால்ட் ரொஸ் கண்டது 1897இல்தான். வருடக்கணக்காக உண்ணி பார்த்துக்கொண்டிருக்க இன்று எந்த அரசு சம்பளம் கொடுக்கும்?

அப்புறம் தொட்டி. ஒடுங்கிய கொங்கிறீற்றுக் குழி, நிறைய ஆசனிக் என்ற நஞ்சுக் கரைசல். ஒரு முனையில் மாடு சறுக்கி விழுந்து தலைவரை முங்கும். நீந்தி மறுமுனைப் படியில் ஏறும். உடம்பில் வடிவது தொட்டிக்கே திரும்ப ஓடும். சூட்சுமம் மருந்தில் மட்டுமல்ல, நாட்கணக்கில். உண்ணிக்கு மூன்று வாரம் வேண்டும், குளிப்போ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வயிறு நிறைந்து விழ எதற்கும் நேரமில்லை. புல்லில் காத்திருந்த குஞ்சுகளும் மாட்டில் ஏறிச் சாகும், இல்லையேல் பட்டினியில் சாகும். 1906இல் தொடங்கிய வேலை 1943இல் மெக்சிக்கோ எல்லையோரம் தவிர்த்து முடிந்தது.

ஆசனிக் மட்டும் போகவில்லை. புளோரிடாவில் பழைய தொட்டிகளைச் சுற்றிய மண்ணில் இன்னும் கிடக்கிறது.

இங்கே அந்தத் தொட்டியைக் கட்டச் சொல்லமாட்டேன். காட்டோரம் மேயும் எல்லா மாட்டையும் எருமையையும் தவணை தவறாமல் யார் பிடித்துவருவது? ஜேர்சி வைத்திருப்பவர் ஒருமுறை மருந்தடித்துவிட்டு நிறுத்தாமல், அடுத்தது எப்போது என்று மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.