ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கு முதல் எக்கோல வர்ற ஈ.எஃப் கடைசி நம்பர் இல்ல

ஸ்டென்ட் வெச்சு வீட்டுக்கு அனுப்பறப்ப எக்கோ (ஹார்ட்டை எடுக்கற ஸ்கேன்) ரிப்போர்ட்டோட ஒரு ஃபைல் குடுப்பாங்க, அதை தாம்பரத்துல இருக்கற தம்பி போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போடுவான், உடனே போரூர் அக்கா "ஈ.எஃப் 38 தானாம், அப்பாக்கு ஹார்ட் பாதிகூட வேலை செய்யலையா"ன்னு அழ ஆரம்பிச்சிடுவாங்க. நல்லா இருக்கற ஹார்ட்டுக்கே அது 100 வராதுங்க. ஹார்ட்டோட இடது கீழறையில நிரம்புற ரத்தத்துல ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளிய போகுதுங்கறதுதான் ஈ.எஃப், நல்ல ஹார்ட்டுலயே அது 55லேர்ந்து 70தான். 38 கம்மிதான், ஆனா அது எப்போ எடுத்ததுன்னு பாக்கணும்.

அதுக்கு முன்னாடி அந்த ஃபைல்ல இருக்கற ரத்தப் பரிசோதனை நம்பருங்களைப் பாத்துடலாம். ஹார்ட்டுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டா அந்தப் பக்கத்துத் தசையில ஒரு பகுதி செத்துடும், அதுக்குள்ள இருந்த ட்ரோபோனின்ங்கற புரதம் ரத்தத்துல கசியும். வலி வந்த உடனே எடுத்த முதல் சாம்பிள் நார்மலாகூட இருக்கலாம், அதனாலதான் சில மணி நேரம் கழிச்சு திரும்ப ரத்தம் எடுக்கறாங்க, காசு புடுங்கறதுக்கு இல்ல. ஒரு நாள் வாக்குல உச்சத்துக்குப் போயி, முழுசா இறங்க ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். அஞ்சாவது நாளும் ஜாஸ்தியா இருந்தா அடுத்த அட்டாக்னு பயப்பட வேணாம், ஏறுதா இறங்குதான்னு பாக்கணும். கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு இது எப்பவுமே கொஞ்சம் ஜாஸ்தியா நிக்கும்.

என்.டி. ப்ரோ பி.என்.பி.ன்னு இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கும், அது வேற விஷயம். ஹார்ட் அறை அழுத்தம் தாங்காம இழுபடறப்ப அந்தத் தசையே சுரக்கறது. 300க்குக் கீழ இருந்தா திடீர் ஹார்ட் ஃபெயிலியருக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. வயசும் கிட்னி கோளாறும் இதை ஏத்திக் காட்டும், குண்டா இருக்கறவங்களுக்குக் கம்மியா காட்டும்.

இப்ப அந்த 38க்கு வருவோம். அடைப்பைச் சுத்தி கொஞ்சம் தசை சாகாம மயங்கி மட்டும் கெடக்கும். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உக்காந்தா கால் மரத்துப்போயி உடனே ஊன்ற முடியாதுல்ல, அதே மாதிரி அடைப்பை எடுத்து ரத்தம் திரும்ப ஓடினாலும் இந்தத் தசை நாள்கணக்கா, சில பேருக்கு வாரக்கணக்கா சுருங்காது. மூணாவது நாள் எக்கோல செத்ததும் மயங்கினதும் ஒண்ணாத்தான் தெரியும், ரெண்டுமே அசையாது. செத்தது திரும்பாது, மயங்கினது பெரும்பாலும் எழுந்துக்கும், கூடவே ஈ.எஃப்பும் ஏறும். ஈ.எஃப் 35க்குக் கீழ இருந்தாகூட, மத்த காரணம் இல்லன்னா, நெஞ்சுல ஐ.சி.டி. (துடிப்பு ஆபத்தா தாறுமாறானா ஷாக் குடுத்து சரி பண்ற சின்னக் கருவி) வெக்கற முடிவுக்கு டாக்டருங்க 40 நாளாவது, ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு 3 மாசம் வரைக்கும் மாத்திரை குடுத்துப் பாத்துட்டு, திரும்ப எக்கோ எடுத்துதான் வருவாங்க.

அதனால சென்ட்ரல் எதிர்ல ஜி.ஹெச். ஓ.பி.யா இருந்தாலும் சரி, தனியார் ஆஸ்பத்திரியா இருந்தாலும் சரி, "அடுத்த எக்கோ எப்போ டாக்டர்"னு கேட்டு தேதியை ஃபைல் மேலயே எழுதி வெச்சுக்குங்க. நடுவுல மாத்திரையை நிறுத்திடாதீங்க. கால் வீங்குனாலோ, படுத்தா மூச்சு வாங்குனாலோ, ரெண்டு மூணு நாள்ல எடை ரெண்டு கிலோ ஏறுனாலோ அந்தத் தேதி வரைக்கும் காத்திருக்காம உடனே கூட்டிட்டுப் போங்க.