சூதாட்டப் பழக்கத்துக்குச் சிகிச்சை: அட்டை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது

ஆன்லைன் ரம்மியிலும் கிரிக்கெட் பந்தயத்திலும் பணத்தை விட்டவர் முதலில் தேடிப் போவது கடன் கொடுப்பவரை. டாக்டரிடம் போவது கடைசியில். அப்படிப் போகும்போதும், "இது குடிக்கிறவங்களுக்கான பிரிவு" என்று கவுன்ட்டரிலேயே அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை.

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, எது மனநோய் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் போன்ற தர அளவுகளை வைத்து முடிவு செய்யச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் சூதாட்டக் கோளாறும் இருக்கிறது. பின்னணி இவ்வளவு போதும்.

பலர் சிக்குவது அட்டையில்தான். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்கு, அதற்கான அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு மனநலச் சிகிச்சை இலவசம் என்கிறது இந்தச் சட்டத்தின் பிரிவு 18. "அட்டை கொண்டு வா" என்றால் இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள். ஓ.பி. சீட்டு வாங்கும்போது கதை முழுவதும் சொல்ல வேண்டாம். "மனநலப் பிரிவு" என்றால் போதும். எவ்வளவு கடன், தூக்கம் எப்படி, சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்பதையெல்லாம் டாக்டரிடம் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் அதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் (பிரிவு 23).

அப்படியும் திருப்பி அனுப்பினால் வாய்ச்சண்டை வீண். மருத்துவமனையின் பொறுப்பு அதிகாரிக்கு இரண்டு பிரதியில் மனு எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படி, இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியம். கையில் காகிதம் இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை.

வீட்டார் செய்யும் பெரிய தவறு, "மறுவாழ்வு மையம்" என்ற போர்டைப் பார்த்துக் கட்டாயப்படுத்திக் கொண்டுபோய் விடுவது. மனநோய்க்கு உள்நோயாளியாகச் சேர்க்கும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும்; பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அப்போதே திரும்பிவிடுங்கள். விருப்பமில்லாதவரைச் சேர்க்க ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அதுவும் தனக்கோ பிறருக்கோ ஆபத்து, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலை போன்ற காரணங்கள் இருந்தால்தான், முதலில் 30 நாள் வரைக்கும்தான். கடன் வாங்கிவிட்டான் என்பது காரணமாகாது.

ராத்திரி இரண்டு மணிக்குக் கை நடுங்கினால் 14416. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். வீட்டாரும் அழைக்கலாம்.

1930-ஐ இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது சைபர் மோசடிக்கான எண். ஆடித் தோற்ற பணத்தை மீட்டுத் தராது. ஆனால் ஜெயித்த பணத்தை எடுக்க "முதலில் வரி கட்டு" என்று செயலி மேலும் பணம் கேட்டால் அது மோசடி. கட்டிவிட்டீர்களா? பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் அழையுங்கள். பரிவர்த்தனை எண்ணும் வங்கிக் குறுஞ்செய்தியும் கையில் இருக்கட்டும், செயலியை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.