பூட்டுப் பிணக்கு: சொல் விளக்கம்

லினக்ஸ் கணினி தொடங்கும்போது ஒரே வட்டை இரண்டு சேவைகள் (பின்னணியில் இயங்கும் நிரல்கள்) ஒரே நொடியில் கேட்க, அவற்றுள் ஒன்று வேலை முடியாமல் திரும்ப நேர்வது போன்ற நிலையைக் கணினித் துறையில் 'லாக் கான்ஃபிளிக்ட்' என்கிறார்கள். தமிழில் இதைப் 'பூட்டுப் பிணக்கு' எனலாம்.

'லாக்' பழைய ஆங்கிலத்தில் தாழ்ப்பாளையும் அடைப்பையும் குறித்த சொல். நம் 'பூட்டு' வேறு வழியில் வந்தது. காண் என்பதிலிருந்து காட்டு, உண் என்பதிலிருந்து ஊட்டு பிறந்தது போல, பூண் என்னும் தன்வினையிலிருந்து பிறந்த பிறவினை அது. ஏரில் மாட்டையும் வில்லில் நாணையும் பூட்டுகிறோம் என்பதால், இச்சொல்லின் அடிப்பொருள் தடுத்தல் அன்று, பிணைத்தல். ஒரு நிரலை ஒரு வட்டோடு சிறிது நேரம் பிணைத்து வைக்கும் கணினிப் பூட்டுக்கு ஆங்கிலச் சொல்லைவிட இதுவே நெருக்கமானது என்பது என் கருத்து.

1983இல் 4.2 பிஎஸ்டி இயங்குதளத்தில் அறிமுகமான 'எஃப்லாக்' என்னும் அழைப்பு, அதாவது நிரல் இயங்குதளத்திடம் பூட்டுக் கேட்கும் கட்டளை, பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போன்றது: துண்டை மதிப்பவர் விலகிப் போவார், மதிக்காதவர் உட்கார்ந்துவிடுவார். ஆங்கிலத்தில் 'அட்வைசரி லாக்' எனப்படும் இவ்வகையை 'அறிவுரைப் பூட்டு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பொருந்தாது; அங்கே யாரும் யாருக்கும் அறிவுரை சொல்வதில்லை. 'இணக்கப் பூட்டு' என்பதே தகும். அதில் பலர் சேர்ந்து வைத்திருக்கக்கூடியது பகிர்பூட்டு, ஒருவர் மட்டுமே வைத்திருக்கக்கூடியது தனிப்பூட்டு.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்னும் மென்பொருளின், 2014இல் வெளியான 214ஆம் பதிப்பிலிருந்து, அதன் பகுதியாகிய, புதிய சாதனங்களை அடையாளம் காணும் யூடெவ் சேவை, ஒரு வட்டை ஆராயும் நேரமெல்லாம் அதன்மேல் பகிர்பூட்டு இடத் தொடங்கியது. ஒரே வட்டுக்குச் செல்லும் பல வழிகளை ஒன்றாகத் தொகுக்கும் மல்டிபாத் சேவையோ அதே வழிகளின்மேல், கிடைக்காவிட்டால் காத்திராமல் திரும்பிவிடும் தனிப்பூட்டைக் கேட்டுவந்தது. வட்டுகள் வரிசையாக வந்து சேரும் தொடக்க வேளையில் யூடெவ் முந்திக்கொண்டால், மல்டிபாத்தின் கோரிக்கை உடனே மறுக்கப்பட்டு, தொகுப்பு அமையாமல் போனது. பின்னர் மல்டிபாத்தும் பகிர்பூட்டுக்கு மாறியதால் இரண்டும் ஒரே வட்டில் சேர்ந்திருக்க முடிந்தது.

இதை 'மோதல்' என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் இங்கே எதுவும் எதன்மீதும் மோதவில்லை. தத்தம் வேலையை முறையாகச் செய்த இரண்டு சேவைகள் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொண்டன. பிணங்குதல் என்பதற்கு மாறுபடுதல், பின்னிச் சிக்குதல் என்னும் இரு பொருளும் உண்டு.