லைசென்ஸ் துப்பாக்கிக்குத்தான், வேட்டைக்கு இல்லைங்க

"ஏனுங்க வக்கீல் சார், மொதல் மொதலா ஒரு செமி ஆட்டோமேட்டிக் எடுக்கலாம்னு இருக்கறனுங்க. மொசலு, பன்னிக்கெல்லாம் எது தோதுப்படும்?"

போன வாரம் அந்தியூர்ப் பக்கமிருந்து வந்த போன். செமி ஆட்டோமேட்டிக் என்றால், ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. கேட்டவர் நல்ல மனுஷர், மக்காச்சோளம் போட்டிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் வேட்டைக்குப் போன போட்டோவை அனுப்பியிருக்கிறான், அதிலிருந்து பிடித்த ஆசை. இந்த வருஷம் இந்தக் கேள்வி எனக்கு நான்காவது முறை. அன்று காலையில்தான் ஒரு பையனுக்கு ஜாமீன் மனு போட்டுவிட்டு வந்திருந்தேன். அவரிடம் சத்தமாகவே பேசிவிட்டேன்.

அமெரிக்காவில் வேட்டைக்கென்றே தனி அனுமதிச் சீட்டு, பருவம், எத்தனை அடிக்கலாம் என்ற கணக்கு எல்லாம் உண்டு. அங்கேயே வாத்து வேட்டைக்குப் போகிறவர் செமி ஆட்டோமேட்டிக்கில் 3 தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். இங்கே 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-ல் திருத்தம் வந்த பிறகு பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று கிடையாது. அப்புறம் எந்தத் துப்பாக்கி நல்லது என்று என்னத்தைச் சொல்ல?

"லைசென்ஸ் வாங்கிக்கறேனுங்களே!" இதைக் கேட்டால்தான் எனக்குப் பொறுக்க முடிவதில்லை. கலெக்டர் கொடுக்கும் லைசென்ஸ் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி வருவது. துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம் என்பதோடு அதன் பேச்சு முடிந்தது. எதைச் சுடலாம் என்பது வேறு சட்டம், வேறு இலாகா. டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறதென்று பக்கத்துத் தோட்டத்து வெள்ளாமைக்குள் டிராக்டரை விடுவீர்களா? லைசென்ஸில் 'பயிர்ப் பாதுகாப்பு' என்று எழுதியிருந்தாலும் பன்றியைச் சுட அது உத்தரவு ஆகாது. பயிரை அழிக்கும் விலங்கைச் சுட எழுத்தில் உத்தரவு தரும் அதிகாரம் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கும் அவர் அதிகாரம் கொடுத்த அலுவலருக்கும்தான். 2025 ஜனவரியில் தமிழக அரசு பன்றியைச் சுடலாம் என்று சொல்லிவிட்டதே என்று செய்தித்தாளைக் கத்தரித்து எடுத்து வருகிறார்கள். முழுசாகப் படியுங்கள். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை, அதுவும் வனத்துறை ஆட்கள் சுடுவதைப் பற்றிய அறிவிப்பு அது. நீங்களும் நானும் அதில் இல்லை.

செமி ஆட்டோமேட்டிக் என்றால் இன்னும் மோசம். ஆயுத விதிகளில், கைத்துப்பாக்கி மாதிரிச் சிலவற்றைத் தவிர, அந்த ரகம் கடுமையாகக் கட்டுப்படுத்திய வகையில் நிற்கிறது. கலெக்டர் ஆபீஸில் மனுப் போட்டு வாங்குகிற சமாச்சாரம் இல்லை.

சட்டத்தில் வேட்டை என்றால் அடித்துக் கொல்வது மட்டுமில்லை. கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைப்பது, முயற்சி செய்வது எல்லாம் சேர்த்தி. ஏர்கன்னில் கௌதாரி அடித்தாலும் அதேதான். முயல், பன்றிக்கு 3 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மயில் மாதிரி, சட்டத்தில் அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருப்பது என்றால் 3 வருஷத்துக்குக் குறையாது, 7 வரை போகும்.

அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். என்ஜினியரிங் கடைசி வருஷம். பெரியப்பாவின் டபுள் பேரல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, நெத்தியில் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு, மூன்று பேராக ராத்திரியில் முயலுக்குப் போயிருக்கிறார்கள். அடித்ததை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வேறு போட்டிருக்கிறான். விடிவதற்குள் ஆள் வந்துவிட்டது. பெரியப்பா லைசென்ஸ் பெரியப்பாவுக்கு மட்டும்தான், ரத்த சொந்தம் என்பதால் பையனுக்கு வராது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததற்கு ஆயுதச் சட்டத்தில் தனி வழக்கு, அதில் குறைந்தபட்சமே 2 வருஷம். துப்பாக்கியைக் கொடுத்த பெரியப்பாவும் இப்போது வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஒரு எதிரி. பைக்கைப் பிடித்துக்கொண்டார்கள், அதை மீட்பது தனிப் போராட்டம்.

கோர்ட்டில் மேஜைமேல் வைத்த பொருள்களில் ஒரு சிவப்புத் தோட்டாக் கூடு இருந்தது, அடிப் பித்தளை கறுத்துப்போய். அவனுடைய அம்மா மஞ்சப்பையில் பத்தாவதிலிருந்து எல்லா மார்க் ஷீட்டையும் கொண்டுவந்திருந்தார். "இதையக் காட்டுனா விட்ருவாங்களாங்க, சார்?" வேலைக்கு எடுத்த கம்பெனி போலீஸ் விசாரணைச் சான்றிதழ் கேட்டிருக்கிறதாம். அந்தம்மாவிடம் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பன்றி உழுதுபோட்ட சோளக்காட்டைப் பார்த்தால் வயிறு எரியும், தெரியும். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். சேதத்தைப் போட்டோ எடுங்கள், வி.ஏ.ஓ.வும் வனத்துறையும் வந்து பார்க்கும்வரை காட்டை ஓட்டாதீர்கள், நஷ்டஈட்டுக்கு மனுவை எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சோலார் வேலி போடுவதென்றால் 2023-ம் வருஷ விதிப்படி பதிவு செய்யுங்கள். ஈ.பி. லைனிலிருந்து கம்பி இழுப்பதை மட்டும் தயவுசெய்து நினைக்கவே நினைக்காதீர்கள், அதில் முதலில் சாவது ராத்திரி தண்ணி கட்டப் போகிற நம் ஆள்தான்.

லைசென்ஸ் வைத்திருக்கும் பெரியவங்களே, துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில் இருக்கட்டும். தோட்டாவை எண்ணி வையுங்கள். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். தாத்தா காலமாகி அவர் துப்பாக்கி இன்னும் பரண்மேல் கிடக்கிறதென்றால் இந்த வாரமே இறப்புச் சான்றிதழோடு ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அவர் லைசென்ஸ் அவரோடு போய்விட்டது.